துப்பாக்கியோடு ஃப்ளைட்டில் போக முடியுமா? போட்டிக்குப் போறவங்களுக்கு என்ன விதி?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 2 வெண்கலம் வென்ற மனு பாக்கர் போன்றவர்கள், துப்பாக்கியை எப்படி ஃப்ளைட்டில் கொண்டுபோறாங்க?

கைப்பையில் கூடாது, செக்-இன் லக்கேஜில் மட்டும்தான். தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கணும்.

தோட்டா எவ்வளவு?

சர்வதேச விமான நிறுவனங்களின் அமைப்பான ஐயாட்டா விதிப்படி, பேக்கிங்கோடு சேர்த்து ஒருவருக்கு 5 கிலோ வரை. இரண்டு பேரின் அளவை ஒரே பெட்டியில் சேர்க்கக் கூடாது.

இத்தோட முடியலை. போட்டி நடக்கும் நாட்டின் அனுமதியும் வேண்டும். வழியில் ஃப்ளைட் மாறினால், அந்த நாட்டு விதியையும் பார்க்கணும். அனுமதிச் சீட்டில் உள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு இலக்கம் மாறினாலும் துப்பாக்கி கஸ்டம்ஸில் நின்றுவிடலாம். கைக்குப் பழகிய துப்பாக்கி இல்லைனா, மாதக்கணக்கில் செய்த பயிற்சி வீண்தான்.