தண்டவாளமும் லினக்ஸும்

திண்டிவனத்தில் பிறந்த எனக்கு இளமையில் உலகத்தின் வாயிலாகத் தோன்றியது விழுப்புரம் சந்திப்பு. சென்னையிலிருந்து எங்கள் ஊர் வழியாக வந்த இருப்புப்பாதை அங்கே திருச்சி, மாயூரம், புதுச்சேரி, காட்பாடி எனக் கிளைத்துச் சென்றது. அத்தனையும் ஒரு மீட்டர் அகலப் பாதைகள். காட்பாடியை அடைந்ததும் தொல்லை தொடங்கும். அங்கே எதிர்ப்படும் பெரும்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். விழுப்புரத்து வண்டி அதில் ஏறாது. சரக்கு மூட்டைகளை இறக்கி மறுவண்டியில் ஏற்றியாக வேண்டும்.

1960களின் நடுவில் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, அந்தக் குறும்பாதையிலேயே, 25,000 வோல்ட் மின்சாரத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கின. அதற்கென்று ஜப்பானிலிருந்து ஒய்.ஏ.எம்.-1 என்னும் எஞ்சின்கள் வந்தன. இந்தியாவில் வேறு எந்த மீட்டர் பாதையிலும் இத்தகைய மின்சார எஞ்சின் ஓடியதில்லை. 1992இல் நாடெங்கும் ஒரே அகலம் என்னும் திட்டம் பிறந்து, எங்கள் பாதையும் அகலமாயிற்று. அதே 25,000 வோல்ட் முறையில் புதிய எஞ்சின்கள் ஓடின. ஆனால் அந்தப் பழைய எஞ்சின்கள் போவதற்கு வேறு தடம் ஏது? அவை ஓய்வு பெற்றன.

கணினியைப் பற்றிப் பேச வந்தவன் இரயில் கதை சொல்வானேன் என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு வணிக நிலையம் தன் சர்வரில் உள்ள லினக்ஸை விட்டு வேறொரு லினக்ஸுக்கு மாறலாமா என்ற வினாவுக்கு, இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிட்டவில்லை.

1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் கரு ஒன்றே. அதைச் சுற்றிப் பல கருவிகளைச் சேர்த்துக் கட்டித் தருவோர் பலர். அவ்வாறு கட்டித் தரப்பட்டதை ‘வழங்கல்’ என்கிறோம். ஜெர்மனியில் 1992இல் தோன்றிய சூசே, அமெரிக்காவில் அடுத்த ஆண்டு தோன்றிய ரெட் ஹாட், தன்னார்வலர்களின் டெபியன் ஆகியவை பழம்பெரும் குடும்பங்கள். கரு ஒன்றாயினும், மென்பொருளை நிறுவும் முறையும் பராமரிக்கும் முறையும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்.

நம் மாநிலமே இத்தகைய மாற்றத்தைக் கண்டதுண்டு. 2007ஆம் ஆண்டளவில் எல்காட் நிறுவனம் சூசேயைத் தேர்ந்தது. 2011இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலோ விண்டோஸுடன் இடம்பெற்றது பாஸ் லினக்ஸ். டெபியன் வழியில் சி-டாக் உருவாக்கியது. கடிதம் எழுதுவோர்க்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, பராமரிப்போர்க்கு அப்படியன்று. வண்டியில் அமர்ந்திருப்பவருக்குத் தண்டவாளத்தின் அகலம் தெரிவதில்லை அல்லவா?

எனினும் வணிகர்களை உண்மையிலேயே கலங்கச் செய்தது சென்ட்ஓஎஸ் நிகழ்ச்சிதான். ரெட் ஹாட் கட்டணம் பெற்று ஆதரவளிக்கும் வழங்கலின் மூல நிரலைக் கொண்டே, 2004 முதல் தன்னார்வலர்கள் கட்டணமின்றி அளித்தது அது. 2014இல் அம்முயற்சி ரெட் ஹாட்டின் அரவணைப்புக்குள் சென்றது. அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பிப் பலர் ஏறினர். 2020 டிசம்பரில் வந்த அறிவிப்போ, 2021 இறுதியுடன் அது முடியும் என்றது. எட்டாண்டு பாதை ஓராண்டாகச் சுருங்கிற்று! உடனே ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்னும் இரு மாற்றுகள் 2021இலேயே வெளிவந்தன. இவை அதே அகலப் பாதைகள். 2023இல் ரெட் ஹாட் தன் மூல நிரலைப் பெறும் வழியைக் குறுக்கியபோது இவற்றுக்கும் இடையூறு நேர்ந்தது, எனினும் நிற்கவில்லை.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த அரிசி ஆலை ஒன்று ஏழாம் பதிப்பையே வைத்திருந்தது. அதன் ஆதரவு, சொன்ன நாளிலேயே, 2024 ஜூன் 30இல் முடிந்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வாராது. ஆலைக்காரர், “நன்றாக ஓடுகிறதே, ஏன் ஐயா மாற்ற வேண்டும்?” என்றார். இன்று ஓடுவது மெய்தான். நாளை ஒரு திருடன் புகுந்தால் வரவு செலவு முழுவதும் போகுமே என்றேன். ஆல்மாலினக்ஸின் எட்டாம் பதிப்புக்கு மாறினோம். ஒரே குடும்பமாயிற்றே என்று அசட்டையாக இருந்தது என் பிழை. எடைமேடைக் கணக்கெழுதும் சிறு நிரல் பழைய பைதான் மொழியில் இருந்தது. புதிய பதிப்பில் ‘பைதான்’ என்ற ஆணையே இயல்பாக இல்லை. இரண்டு நாள் நெல் வண்டிகளுக்குக் கையால் சீட்டு எழுதினார்கள்.

விழுப்புரத்து வணிகர் ஒருவரோ நேர்மாறானவர். கல்லூரியில் படிக்கும் மகன் உபுண்டுவைப் பழகியிருந்ததால், நல்ல ஆதரவுடன் ஓடிக்கொண்டிருந்த ராக்கியை விட்டு டெபியன் குடும்பத்துக்கு மாற விரும்பினார். புதுமைக்காக அகலத்தை மாற்றுவதை நான் ஏற்கவில்லை. பையனின் பழக்கமும் ஒரு முதல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் கடையின் எந்தெந்தப் பணி இந்தத் தடத்தில் மட்டுமே ஓடும், எது மின்சாரத்தைப் போல எங்கும் செல்லும் என்று முதலில் எழுதி வரும்படி கேட்டுக்கொண்டேன். தந்தையும் மகனும் ஒரு வாரம் கழித்து முழு நோட்டுத் தாளுடன் வந்தார்கள். தரவுத்தளமும் இணையப் பக்கமும் எளிதில் செல்லும். வரிக்கணக்கு மென்பொருளை விற்றவரோ ரெட் ஹாட் குடும்பத்துக்கு மட்டுமே பொறுப்பேற்பவர். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட வணிகர், ராக்கியின் ஆதரவு முடியும் ஆண்டை மட்டும் கேட்டறிந்து, கடைச் சுவரின் நாட்காட்டியில் குறித்து வைத்தார்.