அணைக்கட்டுகளின் கரையில் உலாவும் காலம்: காந்தலூரைச் சூழ்ந்த மலை ஏரிகளின் வரலாறு

2023ஆம் ஆண்டு இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமங்களுக்கான போட்டியில் காந்தலூர் தங்கப் பரிசு பெற்றது. அதற்குச் சற்று முன்னர் 2022இல் காந்தலூர் – வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருந்தது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழைமறைவுப் பகுதியில் அமைந்த இந்தத் தமிழ் பேசும் ஊர், அடுத்தடுத்து உழவர் ஊராகவும் உல்லாச ஊராகவும் சான்றிதழ் பெற்றது. இவ்விரண்டும் ஒரே நீரை நம்பியிருக்கின்றன. அந்த நீரின் கதையை அறிய, சுற்றியுள்ள மலை ஏரிகளின் பிறப்பை அறிந்தாக வேண்டும்.

ஐரோப்பிய மலைகளின் ஏரிகளுள் பெரும்பாலானவை பனியாறுகள் அகழ்ந்த பள்ளங்களில் நீர் நிறைந்து உருவானவை. பழனிமலையும் மூணாற்று மலையும் அத்தகைய பனியாறுகளைக் கண்டவை அல்ல. இங்கு மலை நீரைத் தேக்கி வைத்தவை சோலைகளும் புல்வெளிகளும், அவற்றுக்கு இடையே கிடந்த சதுப்புகளும்தான். தேவிகுளத்தில் ஊர்ப்பெயருக்குக் காரணமான சிறு நீர்நிலை போன்ற சிலவற்றை ஒதுக்கிவிட்டால், இன்று மக்கள் மிதிவண்டி ஓட்டவும் நடை பயிலவும் படகு வலிக்கவும் தேடிச் செல்லும் ஏரிகள் யாவும் மனிதர் கட்டியவை. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகக் கட்டப்பட்டது.

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைச் சீமையிலிருந்து முன்னோர் மலையேறி வந்து குடியமர்ந்தனர் என்பது அம்மக்களின் வாய்மொழி மரபு. அதற்கும் நெடுங்காலம் முன்பே இங்கு மனிதர் வாழ்ந்ததை மறையூர்ப் பாறைகளின் மேல் நிற்கும் முனியறைகள் காட்டுகின்றன. அஞ்சுநாட்டார் ஏரி வெட்டி வாழ்ந்தவர் அல்லர். ஓடை நீரை வாய்க்காலில் திருப்பி, படிக்கட்டு வயல்களுக்குப் பாய்ச்சியவர். கிழக்கே மேல்மலை ஊர்களான மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறையோடும், சமவெளியில் உடுமலை, போடி, பெரியகுளத்தோடும் அவர்களை இணைத்தவை ஒற்றையடிப் பாதைகள். விளைச்சலும் உறவும் அப்பாதைகளில் சென்றன. அங்கே நடப்பது பிழைப்பு. பொழுதுபோக்கு என்னும் சொல்லுக்கே அங்கு வேலையில்லை.

பொழுதுபோக்கு நடை வெள்ளையரோடு வந்தது. 1845ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் கோடைக்கானலில் தம் முதல் இல்லங்களை அமைத்தனர். சமவெளியின் காய்ச்சலும் வெக்கையும் அவர்களை மேலே துரத்தின. மலைச்சாலை அமையாத அக்காலத்தில், அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து டோலியில் அமர்ந்து மேலேறினர். டோலியைச் சுமந்தவர் தமிழ்க் கூலிகள். அவ்வழிக்கே ‘கூலி காட்’ என்று பெயர் நிலைத்தது. சுமந்தவரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

1863ஆம் ஆண்டு, மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடை பாய்ந்த சதுப்பின் குறுக்கே கரை எழுப்பி, விண்மீன் வடிவிலான கோடைக்கானல் ஏரியை உருவாக்கினார். சுமார் 24 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரி, தொடக்கம் முதலே இளைப்பாறுவதற்கென எண்ணப்பட்டது. முதற்படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பர். 1890இல் படகுக் கழகம் தோன்றியது. ஏரியைச் சுற்றிய ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலையில் இன்று வாடகை மிதிவண்டியில் வலம்வரும் குடும்பங்கள், அந்தக் காலனியக் கோடை மரபின் வாரிசுகளே. சில நூறு பேருக்கென அமைந்த இன்பம் இலட்சக்கணக்கானோருக்குத் திறந்துவிடப்பட்டது நல்ல செய்திதான். ஏரியின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

கோடைக்கு மேற்கே உள்ள பேரிஜம் ஏரியின் கதை வேறு. மதராஸ் படையின் டக்ளஸ் ஹாமில்டன் பெயரால் ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ என அழைக்கப்பட்ட இடத்தில், சதுப்பை மறித்துத் தேக்கிய நீர் அது. அந்நீர் பெரியகுளம் மக்களின் குடிநீருக்கு உதவுகிறது. ஆகவே அங்கே படகுக்கு இடமில்லை. வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டே செல்ல முடியும். பயணிகள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. குடத்தோடு கீழே காத்திருப்பவரின் பக்கமிருந்து பார்த்தால் அதுவே நியாயம்.

மூணாற்றில் ஏரிகளைப் பெற்றெடுத்தது மின்சாரம். 1877ஆம் ஆண்டு பூஞ்சாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்கு மலைநிலத்தை அளித்ததிலிருந்து தோட்டங்களின் காலம் தொடங்குகிறது. அந்த மலை தாங்கிய கண்ணன் தேவன் என்னும் பெயர், அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவருடையது என்பது வழக்கு. தேயிலையை ஏற்றிச் செல்ல மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளப் பள்ளத்தாக்கு இரயில்பாதை, 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. பின்னர் எழவே இல்லை. 1940இல் பள்ளிவாசல் புனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கு நீர் சேமிக்க 1946இல் குண்டளையில் சேதுபார்வதிபுரம் அணையும், 1953இல் மாட்டுப்பட்டி அணையும் எழுந்தன. மாட்டுப்பட்டி என்னும் பெயர் மாடுகள் அடைந்த பட்டியை நினைவூட்டுகிறது. மேய்ச்சல் நிலம் நீருக்கடியில் போனது. அதன்மீது இன்று விசைப்படகுகள் செல்கின்றன.

கோடை, பேரிஜம், டாப் ஸ்டேஷன், குண்டளை, மாட்டுப்பட்டி என ஏரிகளைக் கோத்த சாலை ஒன்றும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் படையெடுத்தால் தப்பிச் செல்லும் வழியாக இது கருதப்பட்டது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தில் தங்கியது. சாலை இரு மாநிலங்களுக்குப் பங்காயிற்று. பின்னர் காட்டுக் காப்பின் பெயரால் போக்குவரத்து நின்றது. மலையேறுவோரும் மிதிவண்டிப் பயணிகளும் அதனை இழந்த சொர்க்கமாகப் பேசுகின்றனர். மலையின் இருபுறமும் உறவும் சந்தையும் கொண்டிருந்த ஊராருக்கோ அது இழந்த வழி. காட்டுயிருக்கு அமைதி வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பாதை மீண்டும் திறப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பயணிகளின் குரல் கேட்கும் அளவுக்கு ஊராரின் குரல் கேட்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் காந்தலூரின் பட்டிசேரி அணையைப் பார்க்க வேண்டும். கேரளத்தின் பெரும்பாலான ஆறுகள் மேற்கே ஓட, காந்தலூரின் நீர் பாம்பாறு வழியாகக் கிழக்கே இறங்கி அமராவதியாகிக் காவிரியைச் சேர்கிறது. 2007ஆம் ஆண்டு காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுப் படுகையின் பங்கு 3 டி.எம்.சி. அந்தப் பங்கைக் கொண்டு பாசனத்தை விரிவாக்கப் பட்டிசேரியில் அணை கட்ட 2014இல் கேரளம் முனைந்தபோது, அமராவதிப் பாசனம் பாதிக்கப்படும் எனத் தமிழக அரசு எதிர்த்தது. மேலே தமிழ் பேசும் பூண்டு உழவர். கீழே உடுமலை, தாராபுரம் வட்டாரத்துத் தமிழ் உழவர். இருவருக்கும் நடுவே ஒரு மாநில எல்லை.

இந்த வழக்கில் இப்போது மூன்றாம் தரப்பாக விடுதி நுழைந்திருக்கிறது. பட்டிசேரியின் நீர்ப்பரப்பும் ஒளிப்படத்துக்குரிய ‘மலை ஏரி’யாக அறிமுகமாகி வருகிறது. நடுவர் மன்றத்தில் உழவர் இருவருக்கும் வழக்குரைஞர் இருந்தனர். விடுதியின் நீர்த்தேவையை அங்கு யாரும் கணக்கில் வைத்து வாதிடவில்லை. சுற்றுலாவால் வரும் வருவாய் காந்தலூருக்குத் தேவையானதே. பூண்டின் விலை சரியும் ஆண்டில் அது ஒரு குடும்பத்தைக் காக்கும். ஆனால் கோடைக்கானல் ஏரி உலாவுக்கென்று பிறந்தது. பட்டிசேரி வயலுக்கென்று பிறந்தது. இரண்டையும் ஒன்றாக நடத்தினால், வறண்ட மாதங்களில் எந்த மதகு முதலில் அடைபடும் என்பதை ஊர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். பேரிஜத்தில் அந்த முடிவு குடிநீரின் பக்கம் எடுக்கப்பட்டது. காந்தலூரில் அது இன்னும் எடுக்கப்படவில்லை. தங்கப் பரிசு பெற்ற கிராமம் தள்ளிப்போடக் கூடாத முடிவு அது.