நிழலும் நோயும்

ஜாலான் புசார் வட்டாரத்தில் குடியிருந்த நம் முன்னோர்க்கு டான் டோக் செங் ஆஸ்பத்திரி அண்டை வீடு போன்றது. 1844ல் பேர்ல்ஸ் குன்றில் அடிக்கல் நாட்டப்பெற்ற அந்த ஏழையர் ஆஸ்பத்திரி, பின்னர் சிராங்கூன் ரோடும் பாலஸ்டியர் ரோடும் கூடுமிடத்துக்கு வந்தது. 1909ல் மோல்மீன் ரோட்டுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் க்ஷயரோகிகளின் பெரும் புகலிடமாகவும் விளங்கிற்று.

ஆகவே இருமி இளைத்தவனைக் கண்டால், "க்ஷயந்தான்" என்று சொல்லிவிடும் பழக்கம் நகரத்திலும் தோட்டத்து லயங்களிலும் வேரூன்றிற்று. முன்வினை, குலசாபம் என்ற பேச்சுகளும் அதனுடன் சேர்ந்து வந்தன. 1882ல் ராபர்ட் கோக் க்ஷயக் கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டியதும் வினையும் சாபமும் பொய்யாயின. 1895ல் ராண்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். மார்பைக் கீறாமலே உள்ளே பார்க்க வழி பிறந்தது. மூட எண்ணம் போன இடத்தில், அந்தோ, அவசர எண்ணமொன்று வந்து அமர்ந்தது. படத்தில் நிழல் தெரிந்தால் அது க்ஷயமே என்பதுதான் அது.

நிழல் சொல்வது யாது? அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை மட்டுமே. ஆறிப்போன பழைய க்ஷயத்தின் வடுவும் சிறு கட்டிபோல் தோன்றும். புற்றுநோயின் தொடக்கமும் அவ்வாறே தோன்றும். இவ்விரண்டையும் கண்ணால் மட்டும் பிரித்தறிதல் பல வேளைகளில் இயலாது.

அமெரிக்காவில் நடந்ததொன்றைக் கேளுங்கள். 1933ல் இவார்ட்ஸ் கிரஹாம் என்னும் ரண வைத்தியர், புற்று பற்றிய ஒரு பக்கத்து நுரையீரல் முழுவதையும் எடுத்து ஒருவரைப் பிழைக்க வைத்தார். பிழைத்தவரும் ஒரு வைத்தியரே. நோய் இன்னதென்று தெரிந்ததாலன்றோ கத்தி துணிந்தது! புகையிலைமீது பழி சுமத்துவதை முதலில் நம்பாத கிரஹாம், தம் மாணவர் வைண்டருடன் ஆராய்ந்து, 1950ல் புகைத்தலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். நெடுநாள் புகைத்தவரான அவரும் 1957ல் அதே நோயால் மாண்டார். அவர் காப்பாற்றிய நோயாளி அவருக்குப் பின்னும் உயிரோடிருந்தார்.

இன்று சி.டி. படம் அரிசியளவு கட்டியையும் காட்டும். ஆனால் கட்டியெல்லாம் புற்றல்ல. 53,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2011ல் வெளியிட்ட அமெரிக்க ஆராய்ச்சியில், ஐயத்துக்கிடமெனக் கண்டவற்றுள் 100க்கு 96 புற்றாக இல்லை. ஆயினும் அப்பரிசோதனையால் நுரையீரற் புற்றுச் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பீதியும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம் என்பதே இதன் பாடம்.

வைத்தியர் முதலில் பழைய படத்தைக் கேட்பார். திண்மையான கட்டி இரண்டாண்டு மாறாதிருப்பின் பெரும்பாலும் தீங்கில்லை. உள்ளே சுண்ணம் நிறைந்திருப்பின் அது பழைய வடுவாகலாம். ஓரம் முள்முள்ளாக இருந்தாலும், கட்டி வளர்ந்தாலும் ஐயம் மிகும். சளியில் கிருமி உண்டா என்றும் சோதிப்பார். பெட் என்னும் படத்தில் புற்று ஒளிரும், க்ஷயமும் ஒளிரும். ஆதலால் க்ஷயம் மலிந்த நம் நாடுகளில் அப்படமும் ஏமாற்றக்கூடும். முடிவான சான்று பெரும்பாலும் ஊசியாலோ குழாயாலோ எடுத்துச் சோதித்த சதைத் துணுக்கே.

"ஊசி பட்டால் புற்று பரவும்" என்று நம்மவர் அஞ்சுகின்றனர். அவ்விதம் நேர்வது மிக மிக அரிது. க்ஷய மருந்தைத் தின்று மாதங்களைக் கழித்து, காலம் கடந்தபின் புற்றென்று அறிந்தோரோ இந்தியாவிலும் பிற நாடுகளிலும் பலர்.

தோழர்களே! பழைய படங்களைப் பத்திரமாய் வையுங்கள். மருந்துண்டும் நிழல் குறையவில்லையாயின், "இது க்ஷயமென்பதற்குச் சான்று என்ன?" என்று வைத்தியரைக் கேளுங்கள். அவ்விதம் கேட்பது மரியாதைக் குறைவன்று. சாபத்தைக் கேள்வி கேட்ட நாம், நிழலையும் கேள்வி கேட்போமாக.