கதைக்கு வேண்டாத பகைவன்: அமெரிக்கப் போர்க்காலப் படக்கதைகளில் ஹிட்லர்

‘கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்’ என்னும் படக்கதை இதழின் முதல் எண் 1941 மார்ச்சு எனத் தேதியிடப்பெற்று, 1940 டிசம்பரிலேயே நியூயார்க்கின் டைம்லி நிறுவனத்தால் விற்பனைக்கு விடப்பெற்றது. விலை 10 சென்ட். அதன் அட்டையில், அமெரிக்கக் கொடியின் நிறங்களை உடையாக அணிந்த நாயகன் அடால்ஃப் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். சுற்றிலும் நாஜி வீரர்கள் சுடுகின்றனர். அமெரிக்காவின் வரைபடமும் அந்நாட்டில் நாசவேலை செய்வதற்கான திட்டத்தாள்களும் சிதறிக் கிடக்கின்றன. படக்கதை வரலாற்றில் மிகுதியாக எடுத்துக்காட்டப்பெறும் ஓவியங்களுள் ஒன்று இது. எனினும் அட்டையைப் புரட்டி உள்ளே செல்வோர்க்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. அக்குத்து உள்ளே எந்தக் கதையிலும் நிகழ்வதில்லை.

இதழில் கேப்டன் அமெரிக்காவின் கதைகள் நான்கு. மெலிந்த உடலினனான ஸ்டீவ் ரோஜர்ஸ் மருந்தொன்றால் வலிமை பெறுவது முதற்கதை. வருவதுரைப்போனாக நடித்துப் படைத்தளங்களை அழிக்கும் கூட்டம், சதுரங்கக் காய்களை வைத்துக் கொலைகளைத் திட்டமிடும் ஒற்றன், செந்நிற மண்டையோட்டு முகமூடி அணிந்த ‘ரெட் ஸ்கல்’ ஆகியோர் பிற கதைகளின் பகைவர்கள். இந்த ரெட் ஸ்கல் ஜெர்மானியனும் அல்லன்; மாக்ஸன் என்னும் அமெரிக்க விமானத் தொழிலதிபன். ஹிட்லர் வென்றால் அமெரிக்கத் தொழில்துறை முழுவதற்கும் அமைச்சராகலாம் என்னும் ஆசையால் விலைபோனவன். இவை அனைத்தும் உள்நாட்டுத் துரோகத்தைத் துப்பறியும் கதைகள். இவற்றின் கட்டமைப்பிற்கு ஹிட்லர் நேரில் வருதல் தேவையே இல்லை.

கதைக்குத் தேவையற்ற ஒருவன் நூலின் முகப்பில் நிற்பதை வணிக உத்தி எனக் கூறி முடித்துவிடுதல் எளிது. தமிழ்ப் பொருளிலக்கண மரபு இதனை வேறு வகையில் அணுக இடம் தருகிறது. நெடுநல்வாடையில் வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டிவிடுவதால், பிரிவை நுவலும் அப்பாட்டு அகம் ஆகாது, புறமாகும் என்றார் நச்சினார்க்கினியர். கதை நகர்வில் அவ்வேம்பிற்கு யாதொரு பணியும் இல்லை. அதனை நீக்கினாலும் தலைவி வருந்திக்கொண்டேயிருப்பாள். ஆயினும் அவ்வொற்றை அடையாளமே பாட்டின் திணையை முடிவு செய்துவிடுகிறது. 1940ஆம் ஆண்டின் அட்டையில் அந்தச் சிறுமீசையும் கைப்பட்டையும் செய்த வேலை இத்தகையது. உள்ளே உள்ள துப்பறியும் கதைகளை அவை புறத்திணைக்கு மாற்றின.

இம்மாற்றத்தின் கனத்தை உணர அக்கால அரசியலை நினைவிற் கொள்ளல் வேண்டும். அமெரிக்கா அப்போது போரில் இல்லை. பேர்ள் துறைமுகத் தாக்குதல் 1941 டிசம்பர் 7இல் நிகழ்ந்தது. ஜெர்மனி அமெரிக்காவின்மீது போர் அறிவித்தது டிசம்பர் 11இல். ஆகவே, தம் நாட்டோடு போரிடாத ஒரு நாட்டின் தலைவனைப் பெயரும் முகமும் மறைக்காது தாக்கிய வெளியீடு இது. 1940 அக்டோபரில் வெளிவந்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் சார்லி சாப்ளின்கூடச் சர்வாதிகாரிக்கு ஹிங்கெல் எனப் பெயர் மாற்றியிருந்தார். தொல்காப்பியர் வழியில் கூறுவதாயின் சாப்ளினுடையது பழிகரப்பு அங்கதம். அட்டைப்படம் செம்பொருள் அங்கதம். இன்னொன்றும் நோக்கத்தக்கது. முதற்கதையில் உளவுத்துறைத் தலைவர் எட்கர் ஹூவரை நினைவூட்டும் பாத்திரத்திற்குக் குரோவர் என்று பெயர். நட்புக்குரியவரின் பெயரை மாற்றியவர்கள் பகைவனின் பெயரை மாற்றவில்லை.

இதழை உருவாக்கிய ஜோ சைமன், ஜாக் கெர்பி இருவரும் யூதக் குடும்பத்தினர். தகுந்த பகைவனே முதலில் கிடைத்தான், அவனுக்கேற்ற நாயகன் பின்னரே படைக்கப்பட்டான் என்று சைமன் தம் நினைவுநூலில் பதிவு செய்துள்ளார். நாஜி ஆதரவாளர்களிடமிருந்து மிரட்டல்கள் வந்ததையும், நியூயார்க் நகரத் தலைவர் லகார்டியா தொலைபேசியில் அழைத்துக் காவல் தருவதாக உறுதியளித்ததையும் அவர் குறித்துள்ளார். நாயகனுக்கு முற்பட்டவன் பகைவன் என்றால், உள்ளே அவனுக்கு இடமில்லாமற் போனது ஏன்?

விடை இரண்டாம் எண்ணில் கிடைக்கிறது. பிரிட்டனுக்கு நிதி உதவ முனைந்த செல்வர் ஒருவரை நாஜிகள் கடத்துகின்றனர். அவரை மீட்கக் கேப்டன் அமெரிக்காவும் அவனுடைய சிறுவன் தோழன் பக்கியும் ஜெர்மனிக்குச் செல்கின்றனர். அங்குள்ள வதைமுகாமிற்கு ஹிட்லரும் கோரிங்கும் வருகின்றனர், நன்றாக அடிபடுகின்றனர். பின்னர்? நாயகர்கள் செல்வரை மீட்டுக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். உலகை அச்சுறுத்தும் கொடுங்கோலன் கைக்கெட்டியும் அவனைப் பிடித்துவர வேண்டுமென்று ஒருவரும் எண்ணுவதில்லை. பிடித்திருந்தால் மறுநாள் நாளிதழ் கதையைப் பொய்யாக்கிவிடும். நிகழ்ந்துகொண்டிருக்கும் வரலாற்றில் உயிரோடிருப்பவனைக் கதையில் வீழ்த்துதல் இயலாது. அவனைச் சிரிப்புக்கு ஆளாக்கலாம், அவ்வளவே.

இவ்விடர்ப்பாட்டைச் சூப்பர்மேனும் எதிர்கொண்டான். 1940 பிப்ரவரி 27ஆம் நாளிட்ட ‘லுக்’ இதழில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் இரண்டு பக்கங்களில் போரையே முடித்துக் காட்டினர். ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிச் சென்று ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின்முன் சூப்பர்மேன் நிறுத்துகிறான். அது தொடர்கதையின் பகுதியன்று, தனிக்கற்பனை. அதற்கே நாஜி எஸ்.எஸ். படையின் ஏடு சீகலின் யூதப் பிறப்பைச் சுட்டி ஏளனக் கட்டுரை வெளியிட்டது. தொடர்கதையில் இத்துணிவு செல்லவில்லை. 1942இல் படையிற் சேரச் செல்லும் கிளார்க் கென்ட், தன் ஊடுருவும் பார்வையால் அடுத்த அறையின் எழுத்துகளைத் தவறுதலாகப் படித்துக் கண் தேர்வில் தோற்றுப்போகிறான். நாயகனைப் போரிலிருந்து விலக்கக் கையாண்ட நகைச்சுவை மிக்க உத்தி இது. அட்டைகளிலோ தடையில்லை. 1943இல் ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’ ஒன்பதாம் எண்ணின் அட்டையில் சூப்பர்மேன், பேட்மேன், ராபின் மூவரும் ஹிட்லர், முசோலினி, தோஜோ ஆகியோர்மீது பந்து எறிகின்றனர்.

கெர்பி 1943இல் படைக்கு அழைக்கப்பெற்று, 1944இல் நார்மண்டி வழியாகப் பிரான்சிற்குச் சென்று, அட்டையில் வரைந்த பகைவனின் படைகளோடு நேரில் போரிட்டார். ஹிட்லர் 1945 ஏப்ரல் 30இல் தற்கொலை செய்துகொண்ட பின்னரே படக்கதைகளுக்கு அவனைக் கொல்லும் உரிமை கிடைத்தது. 1953 டிசம்பர் எனத் தேதியிட்ட ‘யங் மென்’ 24ஆம் எண்ணில், ஹிட்லரை எரித்துக் கொன்றவன் தானே என்று ‘ஹியூமன் டார்ச்’ உரைக்கிறான். பத்தாண்டுகள் கழித்து, 1963இல், கெர்பி வரைந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 21ஆம் எண்ணில், வெறுப்பைப் பரப்பும் முகமூடியன் ஒருவன் தன் வீரர்களாலேயே சுடப்பட்டு இறக்கிறான். கதை அங்கேயே முடிந்துவிட்டது. அதன்பின் முகமூடி நீக்கப்படுகிறது. உள்ளே ஹிட்லரின் முகம். அது அவன்தானா, அவனைப் போன்ற போலிகளுள் ஒருவனா என்று கதைமாந்தர்களுக்கே தெளிவில்லை.