பாவா முகைதீன் பெல்லோஷிப்

பாவா முகைதீன் பெல்லோஷிப் என்பது, இலங்கைத் தமிழ்ச் சூஃபி ஞானியான முகம்மது ரகீம் பாவா முகைதீனைப் பின்பற்றுவோர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1971-இல் தொடங்கிய ஆன்மிக அமைப்பாகும்.

தோற்றம்

யாழ்ப்பாணத்தில் இருந்த பாவாவின் ஆசிரமத்துக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வந்தனர். இந்துக்கள் அவரைச் சுவாமி என்று அழைத்தனர். 1971 அக்டோபரில் அவர் பிலடெல்பியா சென்றார். அங்கு அவரை நாடி வந்தவர்களுள் கிறித்தவ, யூதக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பலர். அமைப்பும் தொடக்கத்தில் 'குரு பாவா' என்ற பெயரையே தாங்கியிருந்தது.

மாற்றங்கள்

பாவா தமிழிலேயே பேசினார், பாடினார். அருகிலிருந்தவர்கள் உடனுக்குடன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். உரைகள் ஒலிநாடாக்களில் பதிவாகி, பின்னர் நூல்களாயின. சமையலறையில் சைவ உணவே சமைக்கப்பட்டது.

இசுலாமியக் கடமைகள் ஒரே நாளில் புகுத்தப்படவில்லை. முதலில் உரைகள், அடுத்து திக்ரு, 1980-களில் ஐவேளைத் தொழுகை என அவை படிப்படியாக வந்தன. உறுப்பினர்களே உழைத்துக் கட்டிய பள்ளிவாசல் 1984-இல் திறக்கப்பட்டது. பிற நாடுகளிலிருந்து குடியேறிய முஸ்லிம்களும் அங்கு தொழ வந்தனர். தொழுகையில் சேராமல் உரைகளை மட்டும் நாடியவர்களும் அமைப்பில் நீடித்தனர். இவ்விரு சாராரையும் ஒன்றாக வைத்திருப்பதே அமைப்பின் முதன்மைச் சிக்கலாயிற்று.

பாவாவுக்குப் பின்

பாவா 1986 டிசம்பர் 8 அன்று காலமானார். அவருக்குப் பின் வேறொரு ஞானகுரு அமரவில்லை. பதிவு செய்த உரைகளே குருவின் இடத்தை நிரப்பின. பென்சில்வேனியாவின் கோட்ஸ்வில் அருகே அவரது அடக்கத்தலம் உள்ளது. தமிழ்நாட்டுத் தர்காக்களைப் போலவே அங்கும் பல சமயத்தவர் வருகின்றனர். அமெரிக்கச் சீடர்களோ யாழ்ப்பாணத்துக்கும், அதனை அடுத்த மண்கும்பான் பள்ளிவாசலுக்கும் பயணம் செய்கின்றனர்.