சுறாவுக்குக் கொம்பு உண்டா?

பட்டினப்பாலையில் ஒரு சிறு செய்தி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்கள் முழுநிலா நாளில் மீன்பிடிக்கப் போவதில்லை. கருவுற்ற சுறாவின் ‘கோடு’ ஒன்றை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்கி, தாழம்பூ சூடி, பனங்கள் அருந்தி ஆடிக் களிக்கிறார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் போகிற போக்கில் இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வகுப்பில் நின்று விளக்க வேண்டியவன் பாடுதான் திண்டாட்டம்.

கோடு என்றால் மலையுச்சி. மரக்கிளையும் கோடுதான், தந்தம், கொம்பு, சங்கு எல்லாமே கோடுதான். வெள்ளிமலையில் நான் தமிழாசிரியராக இருந்தபோது முதல் பொருளை விளக்கவே வேண்டியதில்லை. சன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை முழுக்கக் கோடுகள். பன்றிக்கோடும் பிள்ளைகளுக்குத் தெரியும். சுறாக்கோடு என்றதும் ஒரு பையன் எழுந்து, “சுறாவுக்கு ஏதுங்கய்யா கொம்பு?” என்றான். கடலையே பார்க்காத பிள்ளை. ஆனால் கேள்வி நியாயமானது. சுறாவுக்குக் கொம்பு கிடையாது.

முதுகுத் துடுப்பைத்தான் புலவர் கோடு என்றார் எனச் சொல்லிப் பார்க்கலாம். எனக்கு ஒப்பவில்லை. கொம்பன் சுறா என்று ஒன்று உண்டு. அதன் தலை சுத்தியல் போல் இருபக்கமும் நீண்டிருக்குமே தவிர, தனியே எடுத்து நடக்கூடிய கொம்பு அதற்கும் இல்லை. மிஞ்சுவது வேளா மீன் ஒன்றுதான்.

வேளாவின் மூக்கு தட்டையாக நீண்டு, இருபுறமும் பற்களோடு, மரம் அறுக்கும் வாள் போலவே இருக்கும். பெரிய மீன் 6 மீட்டரைத் தாண்டும். அதில் நாலில் ஒரு பங்கு வரை வாள்தான். மணலுக்குள் ஒளிந்திருக்கும் இரையை அந்த வாளாலேயே கண்டுகொள்ளும். மீன் கூட்டத்துக்குள் பக்கவாட்டில் வீசி அடித்து வீழ்த்தும். காய்ந்த வாள் பல ஆண்டுகள் கெடாது. நட்டுவைத்துக் கும்பிட ஏற்ற பொருள்.

‘சினை’ என்ற அடைமொழியும் சும்மா வரவில்லை. வேளா குட்டி போடும் மீன். பிறக்கும்போதே குட்டிக்கு வாள் உண்டு. தாயின் வயிற்றைக் கிழித்துவிடாதபடி அதன் மேல் மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கும். பிறந்த பிறகு அது கழன்றுவிடும். சினை மீனை அறுத்துப் பார்த்த பரதவருக்கு இது எப்பேர்ப்பட்ட அதிசயமாக இருந்திருக்கும்! தெய்வம் உறைகிறது என்று நினைத்ததில் வியப்பில்லை. தவிர, கருவுறும் அளவுக்கு வளர்ந்த மீனின் வாளை நட்டால் ஆள் முழங்காலைத் தாண்டி நிற்கும்.

உண்மையில் வேளா சுறாவே அல்ல, திருக்கை இனம். திருக்கையைப் போலவே அதற்கும் செவுள் திறப்புகள் அடிவயிற்றுப் பக்கம் இருக்கின்றன. ஆனால் உடல் சுறாவைப் போல நீண்டது. 1758இல் உயிரினங்களுக்குப் பெயரிட்ட லின்னேயசும் இதைச் சுறா வகையில்தான் சேர்த்து, ‘ஸ்குவாலஸ் பிரிஸ்டிஸ்’ என்று எழுதினார். பிரிஸ்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லும் வாளைக் குறித்ததுதான். ஆக, நம் புலவர் சுறா என்றதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது.

அந்த வாளே இன்று மீனுக்கு எமன். நைலான் வலையில் பல் மாட்டினால் விடுவிப்பது கடினம். உலகில் ஐந்தே இனங்கள். ஐந்தும் அழிவின் விளிம்பில். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளாவைச் சேர்த்தார்கள். புலிக்கும் அதே அட்டவணைதான்.

வேளாக் குட்டிகள் வளர்வது ஆற்று முகத்துவாரங்களில். கல்வராயனில் பெய்யும் மழை கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அதுவும் அப்படிப்பட்ட ஒரு முகத்துவாரம்தான். மலைப் பிள்ளைகளுக்கு இதை வரைபடத்தில் காட்டினால் பாடல் சட்டென்று பக்கத்தில் வந்துவிடும்.

பட்டினப்பாலைக்கு இனி உரை எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ‘சுறாவின் கொம்பு’ என்று முடித்துவிடாமல் ‘வேளாவின் வாள்’ என்றும் ஒரு குறிப்புப் போடுங்கள். பக்கத்தில் ஒரு படமும் இருந்தால், பையன் எழுந்து கேட்கும்போது ஆசிரியர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டிவிடலாம்.