ஒரு பைட்டை மிச்சம் பிடித்த கதை

ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் பெரிய பெருக்கல் குறி ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். வண்டி முழுதாக வந்துவிட்டது, நடுவழியில் எந்தப் பெட்டியும் கழன்றுவிடவில்லை என்று ஸ்டேஷன் ஊழியர்கள் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். சி மொழியில் ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துக்களின் சரம், இப்படித்தான் இருக்கிறது. மொத்தம் எத்தனை எழுத்து என்று எங்கும் எழுதியிருக்காது. கடைசி எழுத்துக்கு அடுத்து பூஜ்யம் என்ற மதிப்புள்ள ஒரு பைட் இருக்கும். அது வரும்வரை எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. சி-யின் தாத்தா என்று சொல்லத்தக்க மொழி பி.சி.பி.எல். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-ல் உருவாக்கியது. அதில் சரத்தின் முதல் பைட்டிலேயே எண்ணிக்கை இருக்கும். எஞ்சின் மேலேயே "பின்னால் 18 பெட்டி" என்று எழுதி ஒட்டியது மாதிரி. ஒரே தொல்லை, 8 பிட் இடத்தில் 255-க்கு மேல் எழுத முடியாது. பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன் அந்த மொழியைச் சுருக்கி 'பி' மொழியைச் செய்தபோது எண்ணிக்கையை எடுத்துவிட்டு, முடிவில் ஒரு குறியை வைத்தார். 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்ச்சி பி-யை சி-யாக வளர்த்தார், குறி பூஜ்யமானது. நீள வரம்பைத் தவிர்ப்பது ஒரு காரணம், எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட குறி வசதியாக இருந்தது இன்னொரு காரணம் என்று 1993-ல் ரிட்ச்சியே எழுதினார்.

இன்று உட்கார்ந்துகொண்டு அவர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் கையிலிருந்த பி.டி.பி-11 கணினியின் மொத்த நினைவகமே 24 கிலோபைட். அதில் பாதியை யூனிக்ஸ் எடுத்துக்கொண்டது. எண்ணிக்கைக்கு இரண்டு பைட் ஒதுக்கியிருந்தால் 65,535 வரை போயிருக்கலாம். ஆனால் சரத்துக்குச் சரம் ஒரு பைட் கூடுதல் செலவு. சில்லறையை எண்ணிக் குடும்பம் நடத்தும் வீட்டில் அதுவும் காசுதான். எண்ணிக்கையை வைத்திருந்தவர்களும் சுகப்பட்டுவிடவில்லை. 1983-ல் வந்த டர்போ பாஸ்கலில் சரம் 255 எழுத்தோடு நின்றுவிடும்.

பிரச்சினை எங்கே வந்தது? ஒரு சரத்தை இன்னோரிடத்துக்கு நகல் எடுக்கும் 'ஸ்ட்ர்காப்பி' போன்றவை குறி வரும்வரை கொட்டிக்கொண்டே போகும். போய்ச் சேரும் இடம் எவ்வளவு பெரியது என்று கேட்காது. 12 பெட்டிக்கான பிளாட்பாரத்தில் 18 பெட்டி வந்தால் ரயிலில் ஆறு பெட்டி வெளியே நிற்கும், அவ்வளவுதான். நினைவகத்தில் 'வெளியே' என்பது வேறொரு தகவலின் வீடு. (கணக்குப் பாஷையில் சொன்னால், மிச்சம் ஒருவர் ஏட்டில், நஷ்டம் முகம் தெரியாத இன்னொருவர் ஏட்டில்.)

1988 நவம்பர் 2 இரவு அது வெளிச்சத்துக்கு வந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் இணையத்தில் ஒரு புழுவை விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர்களைப் பற்றி விசாரித்தால் பதில் சொல்லும் 'ஃபிங்கர்' சேவை. வந்த கேள்வியை அது 'கெட்ஸ்' மூலம் 512 பைட் இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தது. கெட்ஸ் நிற்பது வரி முடிவில், பூஜ்யத்தில் அல்ல. ஆனால் பழக்கம் அதேதான்: குறி வரும்வரை போ, இடம் இருக்கிறதா என்று பார்க்காதே. புழு அனுப்பியது 536 பைட். வழிந்த 24 பைட், நிரல் திரும்பிப் போக வேண்டிய முகவரியின் மேல் எழுதியது. திரும்பிய இடத்தில் புழுவின் நிரல் காத்திருந்தது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். 1990-ல் மாரிஸுக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். (இவருடைய அப்பா அதே பெல் லேப்ஸில் யூனிக்ஸின் பாஸ்வேர்ட் பாதுகாப்பை அமைத்தவர்!)

பிறகு நடந்ததெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. கெட்ஸை சி-யின் தர வரையறையிலிருந்து நீக்கவே 2011 ஆனது. சேரும் இடத்தின் அளவைக் கேட்டு நகலெடுக்கும் 'ஸ்ட்ரெல்காப்பி'யை ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் 1998-ல் கொண்டுவந்தார்கள். லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் சி நூலகம் அதை ஏற்றுக்கொண்டது 2023-ல்தான். ஜாவாவும் பைத்தானும் எண்ணிக்கையைக் கூடவே வைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டன.

ஆபத்து ஒருபுறம், நேரம் மறுபுறம். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன்' விளையாட்டு தொடங்கவே பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-ல் ஒரு ஆட்டக்காரர் குடைந்து பார்த்தார். கடைப் பொருட்களின் பட்டியல் சுமார் 10 மெகாபைட் நீளமுள்ள ஒரே சரம். அதில் ஏறக்குறைய 63,000 பொருட்கள். ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் நிரல் பூஜ்யத்தைத் தேடி மீதிச் சரம் முழுவதையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. இதையும் கூடவே இருந்த இன்னொரு குறையையும் அவர் சரிசெய்ததும் காத்திருப்பு சுமார் 70 சதவீதம் குறைந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் திருத்தத்தை ஏற்று அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. மாரிஸ் கட்டிய அபராதத்தைவிட 50 டாலர் குறைவு.